இழுப்பறையில் கிடைக்கும் மீன்

பூந்தமல்லிக்கும் கடலுக்கும் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் உறவு மீன் வண்டிதான். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து கிளம்புகிற வண்டிகள் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நுழைந்து, குமணன்சாவடியைத் தாண்டி வந்து ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் காய்வதற்குள் வஞ்சிரம் விலை ஏறிவிடும். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு ஏரி என்றால் செம்பரம்பாக்கம். கடல் என்றால் லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று.

இன்னோர் உறவும் உண்டு. அது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற ஸ்ரீபெரும்புதூர், கார் தொழிற்சாலைகள் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே நிலவியல் நூல்களில் இடம்பிடித்துவிட்டது. ராபர்ட் புரூஸ் ஃபூட்டை, 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவியைப் பொறுக்கியெடுத்தவர் என்றுதான் நமக்குத் தெரியும். அவர் சம்பளம் வாங்கியது வேறு வேலைக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகச் சென்னையைச் சுற்றியுள்ள பாறைகளை நடந்து நடந்து வரைபடத்தில் ஏற்றுவது அந்த வேலை. பாலாற்றுக்கு வடக்கேயுள்ள பகுதிகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1873இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் இலைகளின் அச்சு ஏராளம்; கூடவே கடல் உயிரிகளின் தடயமும் கிடைக்கிறது. கரையோரத்துக் காட்டிலிருந்து உதிர்ந்த இலை கடற்சேற்றில் படிந்து கல்லாகியிருக்கிறது. இந்த வரிசையில் வரும் ஒரு களிப்பாறைக்கு நிலவியலாளர் வைத்திருக்கும் பெயர் ஆவடி. நமக்கு ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலையும் 1955 காங்கிரஸ் மாநாடும். பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழைய கற்கருவிகளைத் தோண்டியெடுத்தார்களே, அவை கிடந்த மண்ணுக்கு அடியில் இருப்பதும் இந்த ஆவடிக் களிப்பாறைதான்.

ஆக, இந்தப் பக்கம் கடல் வந்து போயிருக்கிறது. இன்னும் தெற்கே, திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே அது உள்ளே புகுந்தபோது விட்டுப்போனவற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். அங்கிருந்து கொளக்காநத்தம் பக்கமாக விரிகிற நிலத்தில் பயிர் நிற்காது. மழை அறுத்து அறுத்து ஓடையாக்கிய களிமண் மேடுகள்தாம் கண்ணுக்கு எட்டிய மட்டும். செம்பழுப்பு ஓரிடம், சாம்பல் ஓரிடம். இடையிடையே வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணைக் கூசவைக்கும். உள்ளூர்க்காரர்கள் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற இந்தப் பொட்டலுக்கு உலகம் முழுவதிலிருந்தும் நிலவியலாளர் வந்து போகிறார்கள். நடப்பவர் கண்ணில் முதலில் படுவது கணவாய்க்குத் தூரத்து உறவான பெலம்னைட்டுகள். குனிந்த தலை நிமிராமல் வெகுநேரம் நடந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு பல்.

சுறாவின் பல். சுறாவின் உடலைத் தாங்குவது குருத்தெலும்பு. செத்தால் அது பெரும்பாலும் அழுகிக் கரைந்துவிடும். பல் மட்டும் நிற்கும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். ஒன்று விழுந்தால் பின்வரிசையிலிருந்து இன்னொன்று முன்னால் வரும். ஆகவே பழைய கடலடியில் சுறாவைத் தேடினால் கிடைப்பது பல்தான். (சுறாவை மீன் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. மீன்கடையில் சேர்த்துத்தான் விற்கிறார்கள். உயிரியலிலும் அப்படித்தான்.)

2011இல் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியலுக்கான ஓர் அமெரிக்க ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஐந்து பேர்: சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின். காரைப் படிவில், செனோமேனியன் காலத்தின் தொடக்கத்தில், அதாவது ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த அடுக்கில் கிடைத்த முதுகெலும்பிகளைப் பற்றிய கட்டுரை. அதில் இரண்டு சுறாக்களைப் புதிய இனங்கள் என்று அறிவித்தார்கள். ஒன்று கிளாடியோசெராட்டஸ் மேக்னஸ். மற்றொன்று ட்வார்டியஸ் சுட்இண்டிகஸ். பின்பாதிப் பெயரில் தென்னிந்தியா இருக்கிறது. அப்போது இந்தியா தெற்கு அரைக்கோளத்தில், மடகாஸ்கரை இன்னும் விட்டுப் பிரியாமல் இருந்தது. அதன் கிழக்குக் கரையோரம் மேய்ந்த சுறாக்கள் இவை.

எந்த இடத்தில் நடந்தது இந்தக் கண்டுபிடிப்பு என்பதுதான் என்னை வெகுநாளாக அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி. சட்டென்று வருகிற பதில் காரை. ஒருவர் குனிகிறார், எடுக்கிறார், புதிய மீன் கிடைத்துவிட்டது; செய்தித்தாளில் அப்படித்தான் வரும். ஆனால் குனிந்து எடுப்பதை ஆடு மேய்க்கிற பையனும் செய்வான், நம்மைவிட நன்றாகவே செய்வான். எடுத்த பல்லைப் பார்த்து இது புதிது என்று அவனும் சொல்ல முடியாது, எத்தனை பெரிய பேராசிரியரும் அந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. புதிது என்பது பல்லில் எழுதியிருப்பதில்லை. உலகத்தில் அதுவரை பெயர் வைக்கப்பட்ட அந்த வகைப் பற்களையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். தள்ளுவதற்கு இனி எதுவும் இல்லை என்று ஆனபிறகு கையில் நிற்பதுதான் புதிய இனம். அந்த வேலை பொட்டலில் நடக்காது. பழைய பற்கள் அடுக்கிவைத்த இழுப்பறைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் நடக்கும்.

கிளாடியோசெராட்டஸின் பல்லையே எடுத்துக்கொள்ளலாம். இன்று பெரும்பாலும் ஆழ்கடலில் வாழும் ஆறு செவுள், ஏழு செவுள் சுறாக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது அது. மற்றச் சுறாக்களுக்குப் பெரும்பாலும் ஐந்து செவுள் பிளவு. இந்தக் கூட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ கூடுதல். கீழ்த்தாடையின் பல் அகன்று, தட்டையாக, ஒரே பல்லில் பல முனைகளோடு சீப்பின் உடைந்த துண்டு போல இருக்கும். முதல் முனை பெரியது. அடுத்தடுத்தவை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும். முதல் முனையின் முன்விளிம்பு அடியில் நுணுக்கமான ரம்பப்பற்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேர் மெல்லிய பலகையாகக் கீழே இறங்கும். இந்த வகைப் பல்லைப் பார்க்கிறவர் கேட்கிற கேள்விகள் இவை: எத்தனை முனை? முதல் முனைக்கும் இரண்டாவதற்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? ரம்பப்பல் உண்டா, உண்டென்றால் எவ்வளவு தூரம் ஏறுகிறது? வேர் எவ்வளவு ஆழம்? கேள்விகள் சாதாரணமானவை. ஒவ்வொன்றுக்கும் பிரான்ஸில் கிடைத்ததில் எப்படி, இங்கிலாந்தில் எப்படி, ஆஸ்திரேலியாவில் எப்படி என்று பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் ஆயுள் போகிறது. ஐவர் குழு இந்தப் பற்களுக்காகக் கிளாடியோசெராட்டஸ் என்ற பேரினத்தையே புதிதாக ஏற்படுத்தியது. அதற்குள் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த ஓர் ஐரோப்பியச் சுறாவையும் கொண்டுவந்து சேர்த்தது. புதிய ஆள் வந்தால் பழைய ஆட்கள் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கிறது.

இதன் சிக்கல் எனக்கு உறைத்தது ஆய்வுக் கட்டுரை படித்து அல்ல, பூந்தமல்லி மீன் மார்க்கெட்டில். பிரசவித்த பெண்ணுக்குப் பால் ஊறுமென்று சுறாப்புட்டு செய்துகொடுப்பது நம் பக்கத்து வழக்கம். பால்சுறா கேட்டேன். கடைக்கார அம்மாள் நாலைந்தைப் புரட்டி ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

“இதான் பால்சுறான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?”

“இன்னா தம்பி இது, மூஞ்சியப் பாத்தா தெரியாதா? பக்கத்து வூட்டுப் பொண்ண எப்படிக் கண்டுபுடிக்கற?”

தலையையும் சேர்த்துக் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. “தலைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? சரி, சும்மா எடுத்துக்கினு போ.”

வீட்டில் தாடையை வெந்நீரில் போட்டு, சதையை நீக்கி, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை வாங்கி வைத்துப் பார்த்தேன். பல் ஒவ்வொன்றும் அரிசியில் பாதி இல்லை. நடுவில் இருப்பவை சின்னதாக, ஓரளவு நிமிர்ந்து நிற்கின்றன. பக்கவாட்டுக்குப் போகப்போக முனை சாய்ந்து வாயின் கோடியைப் பார்க்கத் திரும்புகிறது. கடைசியில் இருப்பவை குட்டையாகி, முனை என்று சொல்லவே ஒன்றும் இல்லாமல் ஆகிவிடுகின்றன. முன்வரிசைக்குப் பின்னால் ஈறுக்குள் அடுத்த வரிசை படுத்துக்கிடக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரே மீன், ஒரே வாய். இந்தப் பற்களைக் கழற்றி, கலைத்து, மண்ணில் தூவிவிட்டால் இரண்டு மூன்று மீன் என்று சத்தியம் செய்வேன். போதாக்குறைக்கு, வளர்ந்த பால்சுறாவின் பல் விளிம்பில் நுண்ணிய ரம்பம் இருக்கும், குட்டிக்கு விளிம்பு வழவழப்பாக இருக்கும் என்று மீனியல் கையேடுகள் சொல்கின்றன. அம்மாவும் பிள்ளையும் வேறு வேறு பெயரில் பதிவாக எல்லா வாய்ப்பும் உண்டு. சில இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூடப் பல் வேறுபடும்.

மீன்காரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அவர் கையில் முழு மீன் இருக்கிறது. சிறு வயதிலிருந்து புரட்டிய ஆயிரக்கணக்கான மீன்கள் நினைவில் இருக்கின்றன. அவருடைய இழுப்பறை அந்த நினைவு. தொல்லுயிரியலாளரிடம் முகம் இல்லை. வாயிலிருந்து உதிர்ந்த ஒரு பல் மட்டும் இருக்கிறது. அது வாயின் எந்தப் பக்கத்தில் இருந்தது, மேலா கீழா, குட்டியா கிழமா என்பதையும் அவரே ஊகிக்க வேண்டும். அதனால் பொறுப்புள்ளவர்கள் ஒற்றைப் பல்லை நம்ப மாட்டார்கள். ஒரே அடுக்கிலிருந்து களிமண்ணை மூட்டையாக அள்ளிவந்து, தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, சல்லடையில் அரித்து, மிஞ்சிய பொடியை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பற்களையும் பொறுக்குவார்கள். எண்ணிக்கை கூடக்கூட, இது முன்பல், இது ஓரத்துப் பல், இது குட்டியினுடையது என்று ஒரு கற்பனைத் தாடை உருவாகிவரும். அந்தத் தாடை நம்பும்படி இருந்தால்தான் பெயர்.

நம் மண்ணின் மீன்களுக்கு முதலில் பெயர் வைத்தவருக்கு இந்த நிதானம் இருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து முறை அது. 1840களின் தொடக்கத்தில் சி.டி. கேய், புரூக் கன்லிஃப் என்ற இரண்டு சென்னை மாகாண அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கல்லாகிப்போன சங்கு, சிப்பி, பற்களைச் சேகரித்து லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். சிப்பிகள் எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம் போயின. மீன்கள் சர் பிலிப் எகெர்டனிடம் போயின. எகெர்டன் செஷயர் சீமையில் நிலபுலன் உள்ள பிரபு, பாராளுமன்ற உறுப்பினர். கல்லான மீன்கள் மேல் அவருக்குத் தீராத பித்து. ஆக்ஸ்ஃபோர்டில் உடன் படித்த நண்பர் என்னிஸ்கில்லனோடு ஐரோப்பாவெல்லாம் சுற்றி, வாங்கியும் பொறுக்கியும் வீட்டை நிறைத்தார். லூயி அகாசி 1833 முதல் பத்தாண்டுக்கு மேல் வெளியிட்ட தொல்மீன் பெருநூலுக்கு இந்த இருவர் வீட்டு அலமாரிகளும் பெரிய ஆதாரம். புதுச்சேரிப் பற்களைப் பார்த்து எகெர்டன் 1845இல் ஒரு குறிப்பு எழுதினார். லண்டன் புவியியல் கழகக் காலாண்டிதழின் முதல் தொகுதியிலேயே அது இருக்கிறது. பத்துக்கு மேற்பட்ட புதிய பெயர்கள், பெரும்பாலும் சுறாக்களுக்கு, சில பக்கங்களில். முன்பல்லுக்கு ஒரு பெயர், ஓரத்துப் பல்லுக்கு ஒரு பெயர் என்று விழுந்திருக்க நிறைய இடம் உண்டு. அவற்றில் பல இன்று புழக்கத்தில் இல்லை.

எகெர்டன் கையில் இருந்தது தொலைவில் கிடைத்த ஒரு பிடிப் பற்கள். சுற்றிலும் ஐரோப்பாவின் பற்கள் அடுக்கிய வீடு. இங்கே கேய் கையில் இருந்தது பற்கள் கிடக்கிற நிலம் முழுவதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. பெயர் வைத்தவர் எகெர்டன். 1880களின் தொடக்கத்தில் எகெர்டன், என்னிஸ்கில்லன் இருவருடைய சேகரிப்பும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுறாப்பல்லில் சந்தேகம் வந்தவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். இதைக் காலனியச் சுரண்டல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் உண்டு. எனக்கு அது போதவில்லை. வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் நாம் ஏன் இன்னோர் இழுப்பறையைச் செய்துகொள்ளவில்லை என்பதற்கு அந்த வார்த்தையில் பதில் இல்லை.

பெயர் வைப்பதற்கென்று சட்டதிட்டம் உண்டு. விலங்குகளுக்குக் கணக்கு 1758இல், லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. ஒரு பேரினப் பெயர் விலங்குலகத்தில் ஒருமுறைதான் வரலாம். எகெர்டனின் புதுச்சேரிச் சுறா ஒன்றுக்குப் பெயர் கோராக்ஸ் இன்சைசஸ். கோராக்ஸ் அகாசி வைத்த பேரினப் பெயர். அதற்கு முன்பே ஒரு பறவைக்கு அந்தப் பெயரை யாரோ வைத்துவிட்டிருந்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1939இல், விட்லி என்ற ஆஸ்திரேலியர் அதை ஸ்குவாலிகோராக்ஸ் என்று மாற்றினார். பத்திரப்பதிவு அலுவலகம் தோற்றுவிடும். ஆனால் இந்தப் பத்திரத்தில் ஒரு நல்ல ஷரத்து இருக்கிறது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கிறவர் மூலமாதிரி என்று ஒன்றைச் சுட்டிக்காட்டி, அது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்கு எவரும் அங்கே போய் அந்தப் பல்லைக் கையில் வாங்கி, நீ சொன்னது தப்பு என்று சொல்லலாம். பெயர் காகிதத்தில் இருக்கிறது; அதன் ஆணிவேர் ஓர் அலமாரியில் இருக்கிற கல்லில்.

அந்தக் கல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். காரையிலிருந்து கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய டைனோசராக இருக்கலாம் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. எலும்புகள் இப்போது இல்லை. ஈரமும் களிமண்ணும் சேர்ந்து, எடுத்த கையோடு அவை நொறுங்கத் தொடங்கிவிட்டன என்று அய்யாசாமியே பின்னால் பதிவுசெய்திருக்கிறார். மிஞ்சியிருப்பவை கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும். பெரிதா, சிறிதா, எலும்புதானா, மரமா என்று ஆளாளுக்குச் சொல்லலாம்; எடுத்துப் பார்த்து முடிக்க வழியில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது, அலைபேசிகளில் படம் பறந்தது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல்வாழ் அம்மோனைட்டுகளோடு சேர்ந்து திரண்ட படிவக்கல் என்றார்கள். செய்தி அன்றோடு செத்தது. எனக்கு அதில் வருத்தம்தான். பெரம்பலூரில் கடல் இருந்தது என்பதைக் கையில் பிடித்துக் காட்டுகிற பொருள் முட்டையைவிட எந்த வகையில் மட்டம்? நமக்குப் ‘புதிது’, ‘பெரிது’, ‘உலகிலேயே முதல்’ வேண்டும். மற்றதெல்லாம் ஏமாற்றம்.

அறிவியலில் ‘இது புதிது இல்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்பு. 2011 கட்டுரைக்கு மறு ஆண்டு, வர்மாவும் பிரசாத்தும் கோஸ்வாமியும் இன்னொருவரும் சேர்ந்து தைக்கோடஸ் டெகரன்ஸ் என்ற சுறா இந்தியாவில் கிடைத்ததைப் பற்றி எழுதினார்கள். அதே காரைப் படிவு. தைக்கோடஸின் பல் வெட்டுகிற பல் இல்லை. மேலே வரிவரியாக மேடுகளோடு, ஓட்டுடலிகளை அரைக்கிற பல். இந்த இனத்துக்குப் பெயர் வைத்தவர் அகாசி, ஐரோப்பியப் பற்களைப் பார்த்து. இங்கிலாந்தின் சுண்ணப்பாறையில் இருக்கிற மீன் காரையிலும் இருந்தால், இரண்டு கடல்களுக்கும் நடுவே அது போக வழி இருந்திருக்கிறது என்று பொருள். புதிய இனம் தருகிற செய்தி ஓர் இடத்தைப் பற்றியது. பழைய இனம் புதிய இடத்தில் தலைகாட்டினால் அது உலகப்படத்தையே பற்றிய செய்தி. ஆனாலும் எந்த நாளிதழும் ‘பெரம்பலூரில் ஏற்கெனவே தெரிந்த மீன் கிடைத்தது’ என்று தலைப்பு வைக்காது. வைத்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

ட்வார்டியஸ் விஷயத்திலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பேரினத்தை 1999இல் ஏற்படுத்தியவர் சிவெர்சன். மேற்கு ஆஸ்திரேலியாவின் சுறாப்பற்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அதைச் செய்தார். பெயர், டேவிட் வார்டு என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளரைச் சிறப்பிக்க வைத்தது. 1999க்கு முன் காரையில் அதே பல் கிடைத்திருந்தால் அதைச் சேர்க்கப் பெட்டியே இருந்திருக்காது. வேறொரு சுறாவின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். பல் பத்துக் கோடி ஆண்டாக அங்கேயே கிடந்தது. அதை அடையாளம் காண ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் இழுப்பறையை ஒழுங்குபடுத்தி முடிக்க வேண்டியிருந்தது.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: மண் நம்மிடம் இருக்கிறது, மீனும் இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டிய மேசை இல்லை. அறவே இல்லை என்று சொல்வது அநியாயம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. மீன்களும் பாறைகளும் அங்கே தனித்தனிக் கூடங்களில் இருக்கின்றன. சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நிலவியல் துறையுள்ள கல்லூரிகள் திருச்சியிலும் சென்னையிலும் உண்டு. அவற்றின் அலமாரிகளில் மாணவர்கள் ஆண்டாண்டாகக் கொண்டுவந்து போட்ட கற்கள் தூசி படிந்து கிடக்கும். பல்லுக்கு அருகே தாடையைக் கொண்டுவந்து வைப்பதுதான் நடக்கவில்லை.

அது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. காசிமேட்டிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் தினமும் அறுத்து எறிகிற சுறா, திருக்கைத் தாடைகளில் இனத்துக்குச் சிலவற்றை, குட்டி ஒன்று, வளர்ந்தது ஒன்று, ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று வாங்கி, சுத்தம் செய்து, எந்தக் கடல், எந்தத் தேதி, என்ன நீளம் என்று சீட்டு எழுதி வைப்பது. கூடவே மீனவர்கள் அதற்குச் சொல்லும் பெயரையும். பக்கத்திலேயே காரை, அரியலூர், புதுச்சேரிப் பற்கள். லண்டனில் இருக்கும் எகெர்டனின் பற்களுக்கு முப்பரிமாணப் பிரதி இன்று அச்சடித்து வாங்கக்கூடியதுதான். சுறாவின் கொம்பைப் பரதவர் நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலையில் வருகிறது. மீனின் கெட்டியான பாகத்தை எடுத்து வைத்துக்கொள்கிற வழக்கம் நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. வேளா மீனின் கொம்பு மாட்டிய வீடுகளைக் கடற்கரையூர்களில் நானே பார்த்திருக்கிறேன். எங்கே பிடித்தது என்று கேட்டால் தாத்தா காலத்தது என்பார்கள். அந்தச் சீட்டுதான் இல்லாமல் போய்விடுகிறது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. புவிமரபு இடங்களையும் பொருட்களையும் காப்பதற்கான மசோதா ஒன்றின் வரைவை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது. நிலத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மாநிலங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இருக்கிற அச்சம் நியாயமானது. எடுத்த பொருளை எங்கே வைப்பது, யார் வந்து பார்க்கலாம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பது என் கட்சி. பூட்டிவைத்த பல்லும் தொலைந்த பல்லும் ஒப்பிட வருகிறவருக்கு ஒன்றுதான். அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கங்கள் இருக்கின்றன. வெட்டுகிற ஒவ்வொரு அடுக்கும் ஒரு கடலடி. உடைப்பதற்கு முன் நிலவியல் மாணவர்கள் இறங்கிப் பார்க்க நாள் ஒதுக்கினால் உற்பத்தி ஒன்றும் நின்றுவிடாது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. காரைப் பக்கம் போனால், கண்ணுக்கு ஒரு பல் தட்டுப்பட்டால், முதலில் அதைக் கிடக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வையுங்கள், அளவு தெரியும். அலைபேசியில் இடக்குறியீட்டைச் சேமியுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சையோ அமிலமோ வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், சங்கிலியில் கோக்காதீர்கள். தனிக் காகிதத்தில் மடித்து, தேதியும் ஊரும் எழுதி, நிலவியல் துறை உள்ள ஏதாவது ஒரு கல்லூரியில் கொடுத்து, பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எண் போட மறுத்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.